பேசிக்கிட்டு இருக்கீகளா?

அவள் ஒரு நாளும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. எனக்கு அதுவே பெரிய கோபம். தோள் இடிக்க இடிக்கப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குள் வாரத்துக்கு ஒரு சண்டையாவது வர வேண்டாமா? நானும் எத்தனையோ தடவை வலியப் போய் வம்புக்கு இழுத்துப் பார்த்திருக்கிறேன். "என்னடி, கோவமா இருக்கியா?" என்று என்னையே கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பார்க்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஐம்பதுகளின் பிற்பாதியில் நாங்கள் இருவரும் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். அவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். அன்றைக்குப் போனில் எண்ணைச் சுழற்றும் வட்டெல்லாம் கிடையாது. பெட்டியின் விலாவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எங்கள் போர்டில் அந்த வீட்டு எண்ணுக்குரிய சின்னத் தகடு 'டிக்'கென்று விழும். ஷட்டர் என்போம். உடனே ஒரு வயரை அந்த எண்ணில் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, இன்னொரு வயரை அவர்கள் கேட்கிற எண்ணில் செருகி மணி அடிப்போம். பேசி முடித்ததும் அவர்கள் கைப்பிடியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். திரும்பவும் ஷட்டர் விழும். வயரை உருவிவிடுவோம். அவ்வளவுதான் எங்கள் வேலை.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. வம்பு எங்கே என்றால், பேச்சு முடிந்தது என்று சொல்லவும் அந்தச் சுற்றுதான். "ஆபரேட்டர், ஒன்றும் காதில் விழவில்லை, கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்று நடுவில் கூப்பிடவும் அதே சுற்றுதான். வீட்டுப் பிள்ளை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகினாலும் ஷட்டர் விழும். இடி மின்னல் நாளில் யாரும் எதையும் தொடாமலே விழும். எதற்காக விழுந்தேன் என்று அந்தத் தகடு சொல்லவா போகிறது?

எங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. விழுந்ததா, முடிந்தது, உருவு. பேச்சு அறுந்தவர் மறுபடி கூப்பிட்டுத் திட்டினால் "லைன் கட்டாயிருச்சுங்க" என்று ஒரு வார்த்தை. அவள் மட்டும் வயரில் கை வைக்க மாட்டாள். கீயைத் தட்டி அந்தப் பேச்சுக்குள் போய், "பேசிக்கிட்டு இருக்கீகளா?" என்று கேட்பாள். "ஆமா" என்று பதில் வந்தால் "பேசுங்க" என்று வெளியே வந்துவிடுவாள். பதில் இல்லையென்றால் இன்னொரு தடவை கேட்பாள். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் உருவுவாள். ஊருக்குள் அவளுக்கு 'இருக்கீகளா' என்றே பேர் விழுந்துவிட்டது. "இன்னிக்கு இருக்கீகளாவா போர்டுல? அப்ப நிம்மதியாப் பேசலாம்" என்று ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தக் கீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னால் தள்ளினால் எங்கள் குரல் பேச்சுக்குள் போகும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும். பின்னால் இழுத்தால் மணி அடிக்கும். நடுவில் விட்டால் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்வார்கள், நமக்கு ஒன்றும் கேட்காது. உள்ளே போய்விட்டு வந்தால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் அடிக்கடி மறந்துபோவேன். மறப்பதில் ஒரு சுகமும் இருந்தது. நத்தத்து மாங்காய் வியாபாரி ஒருவர் வீட்டுச் சம்பந்தம் முறிந்த கதை முழுக்க எனக்குத் தெரியும். அவளோ கேள்வியைக் கேட்ட கையோடு கீயை நடுவுக்குக் கொண்டுவந்து, சரியாக நிற்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டும் பார்ப்பாள். ஒட்டுக்கேட்டவள் நான். பழி விழுந்தது அவள் தலையில். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போர்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. டீ குடித்த டம்ளரை எடுக்கிற பையனைத் தடுத்து, "இருப்பா. குடிச்சாச்சாடி நீ?" என்பாள். டம்ளரில் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் இலையை மடித்துவிட்ட கிழவரிடம் போய், "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்திக்கிறீகளா?" என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்திருக்கிறாள். அவளோடு வெளியே போவதற்கு எனக்குச் சில சமயம் வெட்கமாக இருக்கும்.

ஒரு தடவை பயமாகவும் இருந்தது. எங்களோடு வேலை பார்த்த பெண் ஒருத்தியின் மாமியார் தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தவறிப்போனார். நாங்கள் இருவரும் துட்டிக்குப் போயிருந்தோம். எல்லாச் சடங்கும் முடிந்து பாடையைத் தூக்கக் குனிந்துவிட்டார்கள். இவள் பெண்கள் கூட்டத்திலிருந்து சத்தமாக, "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டாள். யார் இது என்று ஆண்கள் திரும்பி முறைத்தார்கள். "அதெல்லாம் பாத்தாச்சுங்க, தூக்குங்கப்பா" என்றார் ஒரு பெரியவர். அப்போது வேலிக்கு வெளியே, வைக்கோல்போர் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க, நான் இன்னும் பாக்கலீங்க."

அந்த வீட்டுப் பண்ணையத்தில் ஆயுசு முழுக்க உழைத்த ஆள். தோளில் துண்டுகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை, கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. தூக்கினவர்கள் கீழே வைத்தார்கள். வேலிப்படலைத் திறக்க வேண்டியதாயிற்று. அவர் எட்டி நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் எங்களுக்குத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை. இவளுக்கு அது புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இவள் ஏன் இப்படி என்று குடைந்து குடைந்து யோசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாருடைய பேச்சையோ பாதியில் உருவியிருப்பாள், அதில் ஏதோ பெரிய அசம்பாவிதம் நடந்திருக்கும், அந்தக் குற்றம் மனதை அரிக்கிறது என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். நாளுக்கு நாள் அந்தக் கதையில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அக்கா, முன்னாடி எப்பவாச்சும் ஒரு கால தப்பா உருவிட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"பின்ன எதுக்கு எப்பப் பாத்தாலும் கேட்டுக்கிட்டே இருக்க?"

"தெரியல, அதான் கேக்குறேன். தெரிஞ்சா ஏன் கேக்கப் போறேன்?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கதைக்கு இதுவா முடிவு?

அவளுடைய சொந்தக் கதையோ, அவள் சொல்லாமலே எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கணவர் கொழும்பில் கடை வைக்கப் போனவர், போனவர்தான். அங்கே வேறு குடும்பம் என்று செய்தி வந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் வீடு. அண்ணன் நல்ல மனுஷன். ஆனால் அண்ணி கையால் சோறு வாங்கித் தின்பது என்றால் என்ன என்று அங்கே இருந்த ஒரு வருஷத்தில் அவள் பார்த்துவிட்டாள். இந்த வேலை கிடைத்ததும் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நாகல் நகரில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மதுரையிலிருந்து ஆர்டர் வர வேண்டும். வேலை போனால் அறை இல்லை, பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் இல்லை, அண்ணி வீட்டு அடுப்படிதான். இது எங்கள் சூப்பர்வைசருக்கும் தெரியும்.

அப்படி இருக்கையில்தான் பேகம்பூரிலிருந்து ஒரு ராவுத்தர் ஜட்காவில் வந்து இறங்கினார். தோல் ஷாப்பு முதலாளி. ஆட்டுத் தோலைப் பதம் பண்ணி மெட்ராஸ் பெரியமேட்டுக்கு அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நல்ல அத்தர் வாசனை. சூப்பர்வைசர் மேஜைக்கும் எங்கள் போர்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்புத்தான். அவர் பேசியது எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"சார், ஒங்க எக்ஸ்சேஞ்சுல ஒட்டுக்கேக்குறாக. சும்மாச் சொல்லல. பெரியமேட்டுக்கு டிரங்க் கால் போட்டு மழையப் பத்திப் பேசுவேன், சரக்கப் பத்திப் பேசுவேன், ஒரு பய உள்ள வரமாட்டான். விலையச் சொல்ல வாயத் தொறப்பேன் பாருங்க, அந்த நேரம் பாத்து அந்தப் பொம்பளப்புள்ள வந்துரும். பேசிக்கிட்டு இருக்கீகளான்னு கேக்கும். ஒரு தடவன்னா சரிங்க. ஒவ்வொரு தடவயும் விலை சொல்லும்போதே எப்படிங்க வரும்? காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாத்தான வரும்? என் விலை வெளிய போயிருச்சு சார். பக்கத்து ஷாப்புக்காரன் என்னய முந்திட்டான்."

"அவ போர்டுல இல்லாத அன்னிக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"இல்லாத அன்னிக்கு லைனே அந்துபோகுது. அது ஒங்க டிபார்ட்மெண்ட்டு லச்சணம். அதுக்கு நான் புகார் சொல்ல வரல."

பேச்சைப் பாதியில் அறுத்த எங்கள் மேல் புகார் இல்லை. அறுக்காமல் கேட்டவள்தான் திருடி.  அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு யாருக்கோ மணி அடித்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஆனால் புகார் வந்துவிட்டது, மதுரைக்கு ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். ஒட்டுக்கேட்டாள் என்று எழுதினால் நிரந்தரமாகாத ஆளை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இனிமே ஷட்டர் விழுந்தா உருவிரணும். உள்ள போகக்கூடாது. ராவுத்தர் லைன்ல கண்டிப்பாப் போகக்கூடாது."

"பேச்சு முடியலேன்னா சார்?"

"முடியாட்டிப் போகுது. மறுபடி புக் பண்ணிக்கிருவாரு. மொதல்ல ஒன் வேலயக் காப்பாத்திக்க."

"சரிங்க சார்" என்றாள்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. ராவுத்தர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. இவள் ஒட்டுக்கேட்கிறவளும் இல்லை. அன்றிலிருந்து ராவுத்தர் டிரங்க் கால் வரும்போதெல்லாம் என் போர்டை விட்டுவிட்டு அவள் போர்டைத்தான் பார்த்தேன். கீ நடுவில் நிற்கும். ஒன்றும் நடக்காது. திடீரென்று ஷட்டர் விழும். அது விழுந்த பிறகுதான் அவள் கை அசையும். அதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் ராவுத்தர் விலை சொல்கிறார் என்று அந்தத் தகரத் துண்டுக்கு எப்படித் தெரிகிறது? லைன்மேன் பேகம்பூர் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் ஏறிப் பார்த்துவிட்டு, "லைன் தங்கமா இருக்கும்மா" என்று கையை விரித்தார். ராவுத்தருக்கு ஆகாதவர்கள் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள், வேறு எப்படித்தான் யோசிப்பது?

சூப்பர்வைசர் சொன்ன மறுநாளே ராவுத்தர் கால் வந்தது. ஷட்டர் விழுந்தது. அவள் கை வயருக்குப் போனது. நான் கீழே அவள் காலை மிதித்து, "உருவுக்கா, உருவிரு" என்று கிசுகிசுத்தேன். பிளக்கை விரலால் பிடித்துவிட்டாள். பிடித்தபடியே இருந்தாள். பிறகு விரலை எடுத்துக் கீயைத் தட்டி, "பேசிக்கிட்டு இருக்கீகளா?" என்று கேட்டாள். ராவுத்தர் போட்ட சத்தம் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது. "பேசுங்க" என்று சொல்லிவிட்டு, கீயை நடுவில் வைத்துக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கென்ன கிறுக்காக்கா? புள்ளய நெனச்சுப் பாத்தியா?"

"புள்ளய நெனச்சுத்தான்டி உருவப் போனேன். வெரலு வரல. அவரு பேசிக்கிட்டு இருந்தா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்துவிட்டார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. "வேல நிக்குதோ போகுதோ, புள்ள படிப்பு கெட வேணாம். இப்பவே கூட்டிட்டுப் போயி அங்கன சேத்துர்றேன். நீ பின்னாடி வா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, இவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "போறியா?" என்று கேட்டாள். பிள்ளை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பும்வரை இவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை திரும்பவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ராவுத்தரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்த சூப்பர்வைசருக்கு என்ன தோன்றியதோ, "நேர்லயே போயிப் பாத்துருவோம். நீயும் வா. உள்ள வர்ற குரல் யாருதுன்னு அடையாளம் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்று என்னைக் கூப்பிட்டார். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். அவள் உள்ளே வராமல் இருக்கப் போவதில்லை. வந்தால் அது அவள் குரல்தான் என்று என் வாயால் நானே சொல்ல வேண்டும். அதோடு அவள் கதை முடிந்தது. நாங்கள் எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. "வரும்போது எனக்கு ரெண்டு பன்னு வாங்கியா" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

பேகம்பூரில் தோல் நாற்றமும் ஆவாரம்பட்டை வாசனையும் கலந்து மூக்கைத் துளைத்தது. ராவுத்தர் எங்களைத் திண்டு போட்ட நாற்காலிகளில் உட்காரவைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். பெண் பிள்ளை வந்திருக்கிறாளே என்று வாசலில் காய்ந்த தோல்களை அப்பால் நகர்த்தச் சொன்னார். நான் திட்டின திட்டுக்கெல்லாம் பொருந்தாத மனிதராக இருந்தார்.

டிரங்க் கால் வர நேரமாயிற்று. அதற்குள் நத்தம் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வண்டியில் தோல் கொண்டுவந்து போட்டார். ராவுத்தர் தோலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார். வியாபாரி கையை நீட்டினார். துண்டு இரண்டு கைகளையும் மூடிக்கொண்டது. சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை, எப்படி அழுத்தினால் எவ்வளவு குறைவு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் பாட்டுக்கு, "ஊர்ல மழை உண்டா?", "இல்லைங்க, ஒரு தூத்தல்தான்" என்று பேசிக்கொண்டிருந்தது. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கையை எடுத்தார்கள். வியாபாரம் முடிந்துவிட்டது.

"இதான் எங்க தொழில்ல மானம்" என்றார் ராவுத்தர் சூப்பர்வைசரிடம். "எங்க வாப்பா காலத்துலருந்து விலைய வாயால சொன்னதில்ல. இந்தப் போன் வந்துதான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அப்போது மணி அடித்தது. பெரியமேடு வந்துவிட்டது. ராவுத்தர் இடது கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நலம் விசாரித்தார். மழை, ரயில் வேகன், சரக்கின் பதம் எல்லாம் பேசினார். வலது கை சும்மா முழங்கால் மேல் கிடந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு விலைக்கு வந்தது. அவர் குரல் தணிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். வலது கை எழுந்து தோளிலிருந்த துண்டை உருவி, போன் பெட்டி மேல் போட்டு, தானும் அதற்குள்ளே போய்விட்டது.

"நம்ம விலை..." என்று ஆரம்பித்தார். துண்டு அசைந்தது.

அவ்வளவுதான், லைனில் கீ தட்டுகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும், ராவுத்தர் துள்ளி எழுந்தார். "பாத்தீகளா! வந்துருச்சு! கேளுங்க சார், நீங்களே கேளுங்க!" என்று ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டினார். நானும் சூப்பர்வைசரும் காதைக் கொண்டுபோனோம். எனக்குத் தெரிந்த குரல், தினமும் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்கிற குரல், "பேசிக்கிட்டு இருக்கீகளா?" என்றது.

"பாய், ஒங்க கைய எடுக்காதீக. அப்படியே இருங்க" என்று கத்திவிட்டேன். சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கிறார் என்பதையே மறந்து எழுந்துபோய்த் துண்டைத் தூக்கினேன். பெட்டியின் கைப்பிடியை ராவுத்தரின் வலது கை பிடித்துக்கொண்டிருந்தது. நத்தத்து வியாபாரியின் கையை எப்படிப் பிடித்திருந்ததோ அப்படி, விரல்களை மடக்கி அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய அழுத்தில் கைப்பிடி பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது.

 ரிசீவரில் அவள் இரண்டாவது தடவை கேட்டாள். சூப்பர்வைசர்தான், "பேசிக்கிட்டு இருக்காகம்மா" என்று பதில் சொன்னார்.

ராவுத்தர் அந்தக் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். "நான் ஒண்ணும் செய்யலையே" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பெரியமேட்டுக்காரரிடம் "பொறவு பேசுறேன்" என்று சொல்லி, ரிசீவரை வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பேச்சை முடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "வாய் பழகிருச்சு சார். கை பழகல போலருக்கு. எதுத்தாப்புல ஆள் இல்லேன்னு அதுக்குத் தெரியல" என்றார். துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்ப, லைன் அந்துபோச்சே மத்த நாளு? அது?" என்று கேட்டார்.

"நீங்க முடிச்சுட்டீகன்னு நெனச்சு நாங்க உருவுனது பாய்" என்றேன்.

"அந்தப் புள்ள மட்டும்..."

"அது மட்டுந்தான் ஒங்களக் கேட்டுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. பஸ் ஜன்னலில் திரும்பாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. அவளுக்கு யாரும் இல்லை என்பது, வேலை இன்னும் நிரந்தரமில்லை என்பது, அண்ணன் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டேன். சூப்பர்வைசர் "போதும்மா" என்றார். ராவுத்தர் கேட்டு முடித்துவிட்டுப் போன் கைப்பிடியைச் சுற்றினார். அவள்தான் எடுத்திருக்க வேண்டும்.

"நம்பரு வேணாம்த்தா" என்றார். "ஒங்கிட்டத்தான் பேசணும். பேகம்பூர் தோல் ஷாப்புக்காரன்." அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. "இல்லத்தா, திட்டக் கூப்புடல. என் கைதான் ஒன்னயக் கூப்புட்டுருக்கு. ஒவ்வொரு தடவயும் என் கைதான். எனக்கே தெரியாது. ஒன்னயக் கள்ளின்னு சொல்லிட்டேன்."  செருமிக்கொண்டார். "ஆமா, சார் இங்கனதான் இருக்காரு. அவரும் பாத்துட்டாரு. நீ போயிப் புள்ளயக் கூட்டியாந்துரு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது, நான் எழுதித் தாரேன்." சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். "தலய ஆட்டுறாரு தாயீ" என்றார் ராவுத்தர் போனுக்குள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

தன் ஜட்காவிலேயே எங்களை அனுப்பி வைத்தார். வழியில் இறங்கி இரண்டு பன் வாங்கிக்கொண்டேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, துண்டைத் தூக்கின இடத்தை எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன்.

அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஹெட்செட் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாற்காலிக்காரி தன் போர்டையும் பார்த்து, நடுவில் என் போர்டுக்கும் எட்டி, அந்தக் கடைசியில் அவள் போர்டுக்கு எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அழாக்குறையாக, "என்னயத் திட்டாதீக சார், நான் சொல்லிப் பாத்தேன்" என்றாள்.

"எங்க அவ?"

"யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருந்தாக. பேசி முடிச்சாக. எந்திரிச்சாக. சித்தையன்கோட்டை பஸ்ஸு போயிருச்சான்னு எங்கிட்டக் கேட்டாக. இருங்கக்கா, மணியப் பாத்துச் சொல்றேன்னேன். நான் திரும்புறதுக்குள்ள படியில எறங்கி ஓடிட்டாக. பதிலுக்குக்கூட நிக்கல சார்."

போர்டைப் பார்த்தேன். ராவுத்தர் எண்ணில் செருகிய வயர் செருகியபடி இருந்தது. ஷட்டர் விழுந்து கிடந்தது. கீ முன்பக்கமே சாய்ந்திருந்தது. அவள் போர்டில் அப்படி ஒரு கோலத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் போர்டை விட்டுப் போனால் என்ன தண்டனை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வயரை உருவி வைத்தார், கீயை நடுவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஷட்டர் விழுந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.